மெயின் ஸ்விட்சுக்கு முன்னால்

இன்று காலை சான்பாடாவில் ஒரு புதுக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஃபயர் பம்ப்பின் மோட்டாரை முதன்முறையாக ஓட்டிப் பார்த்தோம். கால் மணி நேரம் ஓடியதும் அதன் சுருள்களிலிருந்து வார்னிஷ் சூடேறும் மணம் கிளம்பியது. இனிப்பும் கசப்பும் கலந்த மணம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எலெக்ட்ரீஷியன் ஓடிவந்து, "மேடம், தபியத் டீக் ஹை?" என்று உடம்பை விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு மெயின் ஸ்விட்சை இறக்கச் சொன்னேன். அடித்தளம் முழுவதும் விளக்குகள் அணைந்தன. அந்த இருட்டில் பம்ப் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் வெளியே வந்து ஒரு மணற்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உனக்கு அந்த மணம் பிடிக்கும். "புது மோட்டாரு மொத நாளு இப்பிடித்தான் மணக்கும்ட்டி. ஆனா இதே மணம் கூடிக்கிட்டே போச்சுன்னா, பைய தூக்கிட்டு ஓடிரணும்" என்பாய்.

நீ தமிழைப் பேசினாயே தவிர, படிக்கக் கற்கவில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் இந்த மடலை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அப்போது சில இடங்களைத் தாண்டிப் போயிருப்பேன். இப்போது தாண்ட முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த எலெக்ட்ரிகல் கன்சல்டன்ட் ஆபீசில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்த்த வீட்டுப் பெண். நீ தாராவியில் பிறந்து, அப்பா இறந்த பிறகு அம்மாவோடு தேவ்நாரில் ஒரு தகரக்கூரை வீட்டுக்குக் குடிபோனவள். நான் பேசுவதைக் கேட்டு உனக்குச் சிரிப்பாக வரும். என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. "ஏ மாட்டுங்கா, டீ சொல்லட்டுமா?" அவ்வளவுதான்.

தேவ்நார் வேலை நம் மேஜைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. உங்கள் வீடிருந்த வரிசை உட்பட அந்தக் குடிசைகளையெல்லாம் எடுத்துவிட்டு, அங்கேயே பதினெட்டு மாடிக் கட்டடம் கட்டி, குடியிருந்தவர்களுக்கே வீடு தருவதாகத் திட்டம். பதினாலாவது மாடியில் ஒரு வீடு உன் அம்மா பெயரில் ஒதுக்கியிருந்தது. வரைபடத்தில் அந்தச் சிறிய கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாய். "சார்ட்ட சொல்லிராத. சொந்த வீடுன்னு தெரிஞ்சா வேலைய வேற ஆளுட்ட குடுத்துருவாரு." நான் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

ஃபயர் பம்ப்புக்கு மின்சாரம் எப்படி வரவேண்டும் என்பதில் நீ ஒரு வாரம் செலவழித்தாய். லிஃப்ட், வீடுகள், படிக்கட்டு விளக்கு எல்லாம் மெயின் ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கலாம். பம்ப்பின் கேபிள் மட்டும் அதற்கு முன்னாலேயே பிரிந்து, வண்டிகள் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவுப்பாதைக்கு அடியில் தனிப் பள்ளத்தில் ஓடி, பம்ப் அறைக்குப் போகவேண்டும். தீப்பிடித்தால் வருகிறவர்கள் முதலில் செய்வது மெயினை இறக்குவதுதான். பம்ப்பும் அதன் பின்னால் இருந்தால், தண்ணீர் தேவைப்படும் அந்த நிமிடத்திலேயே அதுவும் நின்றுவிடும்.

"கரண்ட நிறுத்துனாத்தான் தீய அணைக்க முடியும். பம்ப்ப நிறுத்துனா மேல இருக்கவன் சாவான். ரெண்டுக்கும் ஒரே ஸ்விட்சு வைக்கலாமாட்டி?" என்று கேட்டாய்.

அந்த மோட்டாருக்குச் சூடு கண்டால் நிறுத்தும் பாதுகாப்பும் வைக்கவில்லை. ஏன் என்று சார் கேட்டபோது, மற்ற மோட்டார்களை நாம் காப்பாற்றவேண்டும், இது எரிந்துபோனாலும் போகட்டும், எரிகிற வரைக்கும் தண்ணீர் தள்ளவேண்டும் என்று இந்தியில் பதில் சொன்னாய். சார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கட்டடம் முடியும் தறுவாயில், ஒரு கோடையில், சித்தி மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போனாய். மூன்றாம் நாள் பில்டரின் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆபீசுக்கு வந்தார். சரிவுப்பாதைக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டதாம். பள்ளம் தோண்ட மறந்துவிட்டார்களாம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆறு நாள்தான் இருந்தது. பம்ப்புக்கும் மெயின் பேனலிலிருந்தே ஒரு இணைப்பு எடுத்துவிடலாம் என்றார். சார் என்னைக் கூப்பிட்டார். "ஏக் லைன் கா ஃபரக் ஹை" என்றார். ஒரு கோட்டின் வித்தியாசம்.

நான் உனக்கு போன் செய்திருக்கலாம். செய்தால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால் செய்யவில்லை. அந்தக் கோட்டை மெயினுக்குப் பின்னால் நகர்த்தி, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்று பம்ப் ஓடியது. தண்ணீர் மொட்டைமாடி வரை பீய்ச்சி அடித்தது. மெயினை இறக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நீ மஸ்கோத் அல்வாவோடு திரும்பி வந்தாய். டப்பாவைத் திறந்துகொண்டே, "நம்ம லைன் என்னாச்சு?" என்று கேட்டாய்.

"பாஸாயிடுத்துடி" என்றேன்.

பொய் இல்லை. டப்பாவிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் நீயும் அம்மாவும் நான்கு வருடம் இருந்தீர்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது நான் வருவேன். ஜன்னலைத் திறந்தால் குப்பைமேட்டுப் புகை உள்ளே வரும். அம்மா ஓடிப்போய்ச் சாத்துவார். ஜெபம் முடித்துத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு பிள்ள, ஒங்க மாட்டுங்கால இந்தக் கொழம்பு கிடைக்காது" என்பார். மாதத்தின் முதல் ஞாயிறன்று நீ சர்ச்சிலிருந்து வந்த கையோடு பம்ப் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்குவாய். பம்ப்பைப் பத்து நிமிடம் ஓட்டுவாய். பேனலின் முன்னால் நின்று ஒவ்வொரு ஸ்விட்சாகப் பார்ப்பாய். எனக்கு அது தொழில் பைத்தியமாகத்தான் தெரிந்தது. கரண்ட் போனால் ஓடவேண்டிய டீசல் பம்ப்பின் பாட்டரி ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. கட்டடத்தை நடத்தும் சொசைட்டிக்கு நீ மூன்று கடிதம் எழுதினாய். மூன்றும் ஃபைலில் கிடந்தன.

கடைசி வருடம், அக்டோபர் வெயிலில் ஒருநாள், லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறிக்கொண்டிருந்தோம். ஆறாவது மாடியில் கேபிள்கள் மேலேறும் அறையின் கதவருகே நின்றாய். அதற்குள் பழைய மெத்தை, செருப்பு அலமாரி, உடைந்த தொட்டில் என்று குடியிருந்தவர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் எடுக்கச் சொல்லி அன்றைக்குத்தான் நீ அந்த மாடிக்காரியோடு சண்டை போட்டிருந்தாய். என் கையைப் பிடித்து அந்தக் கதவின் மேல் வைத்தாய்.

கதவு வெதுவெதுப்பாக இருந்தது.

"வெயில்டி" என்றேன்.

"இங்கன எங்கட்டி வெயிலு வருது?"

அந்தத் தாழ்வாரத்தில் ஜன்னலே கிடையாது. கையை எடுத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பவள்போலக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாய். மறுவாரம் சொசைட்டி யாரையோ கூப்பிட்டு, தளர்ந்திருந்த இரண்டு இணைப்புகளை இறுக்கிவிட்டது. மெத்தைகள் அங்கேயே இருந்தன.

அது ஒரு புதன்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். ஆபீசில் உன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலேயே அம்மாவின் குரல் எனக்குக் கேட்டது. "ஏட்டி, படியெல்லாம் பொகையா வருதுளா. எறங்க முடியல. கதவச் சாத்திட்டேன்."

"ஈரத்துணியக் கதவுக்கு அடியில வையிம்மா. பால்கனிக்குப் போயி நில்லு. நான் வாரேன்" என்றாய். உன் குரல் மாறவில்லை. நாம் இருவரும் ஆட்டோவில் ஏறினோம். மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகள் நகராமல் நின்றன. தொலைவில், எப்போதும் தெரியும் குப்பைமேட்டுப் புகைக்குப் பக்கத்தில், இன்னொரு புகை கறுப்பாக நேரே எழுந்துகொண்டிருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாய். ஜெபம் என்று நினைத்தேன். குனிந்து காது கொடுத்தேன்.

"வெளி லைட்டு. லிஃப்ட் ஒண்ணு. லிஃப்ட் ரெண்டு. வீடு கெழக்கு. வீடு மேக்கு. படி லைட்டு. குடிதண்ணி மோட்டாரு. எட்டாவது பம்ப்பு." மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாய். பிறகு கண்ணைத் திறந்து, "அதுக்குள்ள மெயின எறக்கிருப்பானுவளாட்டி?" என்று கேட்டாய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ வரைந்த படத்தில் பம்ப்புக்கு அந்தப் பேனலில் இடமே இல்லை. எட்டாவது ஸ்விட்ச் நான் கையெழுத்திட்ட படத்தில் மட்டும்தான் இருந்தது.

ஆட்டோக்காரரை ஹாரன் அடிக்கச் சொன்னேன். நீ என் பக்கம் திரும்பவில்லை.

சந்து முனையில் பெரிய தீயணைப்பு வண்டி நின்ற டெம்போக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. சில வீரர்கள் மட்டும் நடந்து உள்ளே போய், ஆறாவது மாடியில் கட்டடத்தின் சொந்தக் குழாயில் ஹோஸை மாட்டியிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. ஆறாவது மாடிக்கு மேலே எல்லாப் பால்கனியிலும் ஆட்கள். பதினாலாவது மாடியில் ஒரு பச்சைப் புடவை தெரிந்தது. வாட்ச்மேன் உன்னைப் பார்த்ததும் நல்ல காரியம் செய்தவனாக ஓடிவந்தான். "மேடம், மைனே மெயின் பந்த் கர் தியா!" மெயினை அவனே இறக்கிவிட்டானாம்.

அவனை நீ திட்டவில்லை. தோளில் தட்டினாய். பிறகு தீயணைப்பு ஆபீசரிடம் போய் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாய். மற்ற ஏழு ஸ்விட்சையும் இறக்கிவிட்டு, பம்ப்பை மட்டும் விட்டு, மெயினைப் போட்டால் தண்ணீர் வரும்; தீப்பிடித்த கேபிளுக்குக் கரண்ட் போகாது; ஆனால் ஸ்விட்சுகளின் வரிசை தெரிந்த ஆள்தான் போகவேண்டும். மேலே எரிந்துகொண்டிருந்த கேபிளின் உறை உருகி, சொட்டுச் சொட்டாகக் கீழே பேனல் அறைவரை விழுந்திருந்தது. சரிவுப்பாதையின் வாயிலிருந்து கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. "ஆப் நஹி ஜாயேங்கி" என்று தடுத்தார் ஆபீசர். அவர் சொல்லி முடிப்பதற்குள் துப்பட்டாவை ஒரு வாளியில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டாய்.

என்னிடம், "நீ இங்கனயே நில்லு. அம்ம எறங்குனா பாத்துக்கோ" என்றாய்.

நின்றேன். அந்த வரிசை எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கையெழுத்து இருந்த படம் அது. "நான் போறேன்" என்ற இரண்டு சொல் என் வாய்வரை வந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வரவில்லை. ஒரு வீரர் டார்ச்சோடு உன் பின்னால் ஓடினார். புகை உங்கள் இருவரையும் மூடிக்கொண்டது.

எத்தனை நிமிடம் என்று தெரியாது. முதலில் என் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. பிறகு மேலே ஜன்னல் வழியாக யாரோ, "பானி ஆயா!" என்று தண்ணீர் வந்ததைக் கத்திச் சொன்னார்கள். சந்து முழுக்க ஜனங்கள் கூச்சலிட்டார்கள். அந்த வீரர் உன்னை அணைத்துப் பிடித்தபடி வெளியே கொண்டுவந்தார். முகம் முழுக்கக் கரி. இருமலுக்கு நடுவே சிரித்தாய். "ஏழையும் எறக்கிட்டேன்ட்டி. ஒண்ணும் தப்பல."

ஒரு மணி நேரம் கழித்து அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உன்னைப் பார்த்ததும் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டார். ஆறாவது மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவர் மட்டும் இறங்கவில்லை. கதவை உடைத்துப் போனபோது மூச்சு நின்றிருந்தது. தண்ணீர் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றிரவு நீ நன்றாகத்தான் இருந்தாய். மறுநாள் மூச்சு இளைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கேபிள் உறை எரிந்த புகை நுரையீரலுக்குள் அமிலமாக இறங்கியிருக்கிறது, போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் அம்மா கேன்டீனுக்குப் போனபோது நாம் இருவர் மட்டும் இருந்தோம். ஆக்சிஜன் மாஸ்க்கை நீயே விலக்கினாய்.

"வீட்டுச் சாவி வாங்குன அன்னைக்கே பாத்தேன்" என்றாய். "சொசைட்டி ஃபைல்ல அந்தப் படம் இருந்துச்சு. ஒன் கையெழுத்து."

"நாலு வருஷமா ஏன்டி கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

மூச்சு வாங்கியது. நான் மாஸ்க்கைத் திரும்ப வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாய்.

"பெறவு கேக்கதுக்கு ஒரு மாதிரியா போச்சு. பள்ளம் தோண்டச் சொன்னா ஏன்னு கேப்பாவ. ஒன் பேரு வெளிய வரும். அதான் ஸ்விட்ச மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்."

நான் அழுதேன். நீ அழவில்லை. என்னைப் பார்க்காமலேயே கேட்டாய்: "இந்த ஒரு பில்டிங்குதானாட்டி? வேற எதுலயும் போட்டியா?"

நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். ஐந்தாம் நாள் விடிவதற்குள் போய்விட்டாய்.

விசாரணை அதிகாரியிடம் இரண்டு படங்களையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், உன்னுடையதும் என்னுடையதும். வேலை போனது. லைசென்ஸை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவோடு விட்டுவிட்டார்கள். தோண்டவே முடியாது என்ற அந்தச் சரிவுப்பாதையை உடைத்து, பள்ளம் தோண்டி, தனிக் கேபிள் போட நான்கு நாள்தான் பிடித்தது.

அம்மாவிடமும் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும், ஆன்ட்டி."

"தெரிஞ்சேதான் ஒனக்குச் சோறு போடச் சொன்னாளா?"

நான் தலையாட்டினேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "அவ ஒன்னைய மன்னிச்சிருப்பா. நான் ஜெபத்துல கேட்டுப் பாக்கேன், முடியல. இனி இங்க வராத பிள்ள." கதவுவரை வந்து வழியனுப்பினார். அதன்பிறகு நான் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் மட்டும் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். அது மேலே போகிறதா என்று கேட்டதில்லை.

உன் கேள்விக்குப் பதில்: இன்னும் மூன்று. ஒரு தடவை போட்ட கை, அடுத்த தடவை அவ்வளவு தயங்கவில்லை. நீ வேறு வேலைகளில் இருந்தாய். அந்தப் படங்கள் உன் கண்ணில் படவில்லை. இரண்டு கட்டடங்களுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முதல் இடத்தில் கேஸ் போடுவோம் என்றார்கள், போட்டார்கள், ஆனால் லைனை மாற்றிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஆறு மாதம் அலையவிட்டு மாற்றினார்கள்.

மூன்றாவது செம்பூரிலேயே இருக்கிறது, இருபத்தோரு மாடி. தினமும் ட்ரெயினில் தாண்டிப் போகிறேன். வேலை பிடிக்க வந்தவள் என்று சொசைட்டி செக்ரட்டரி என்னை வெளியே அனுப்பினார். ஃபயர் பிரிகேடுக்கு எழுதினேன், நோட்டீஸ் போனது, பதில் எழுத அவகாசம் கேட்டிருக்கிறார்களாம். இன்று சான்பாடாவிலிருந்து திரும்பும்போது மறுபடி இறங்கிப் போனேன். கேட்டைத் திறக்கவில்லை. காய்கறிப் பையோடு உள்ளே போன ஒரு பெண்மணி என் போனில் அடித்த தமிழ் ரிங்டோனைக் கேட்டு நின்றார். மூன்றாவது மாடியாம். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மெயின், பம்ப், என் கையெழுத்து, நீ.

முழுக்கக் கேட்டார். முகம் வெளிறியது. "ஐயோ, எங்க மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்களே" என்றார். பிறகு மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப எல்லாரும் ஃபங்ஷன் மூட்ல இருக்காங்க. யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டாங்க. தீவாளி போகட்டும் மேடம். அடுத்த மீட்டிங்ல நானே பேசுறேன்."

அவர் நல்லவர். பேசுவார் என்றே நினைக்கிறேன். மாடிக்கு மாடி பால்கனிகளில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் கேபிள் அறையின் கதவை ஒட்டிப் பட்டாசுப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தீபாவளிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.